அரை விரற்கடை

பிரசங்க பீடத்தில் ஐயர் இன்னும் முதல் காரியத்தையே முடிக்கவில்லை. மூன்று காரியங்களைச் சொல்லப்போகிறேன் என்றுதான் பிரசங்கத்தை ஆரம்பித்தார், எப்போதும் மூன்றுதான், நன்றி என்றாலும் மூன்று, பாவம் என்றாலும் மூன்று, அறுவடைப் பண்டிகை வந்தாலும் மூன்று, ஒரு காரியத்துக்குப் பன்னிரண்டு நிமிஷம் வைத்தால் முப்பத்தாறு, முடிவில் ஜெபம் நாலு நிமிஷம், ஆக மொத்தம் நாற்பது, அது முடிந்ததும் காணிக்கைப் பாட்டு. வேறு ஞாயிறாக இருந்தால் குணசிங் இந்நேரம் கிட்டாரை மடியில் சாய்த்துக்கொண்டு, கண்ணை மூடியும் மூடாமலும், வீட்டில் லில்லி இன்றைக்குக் கறி எடுத்தாளா மீன் எடுத்தாளா என்ற ஆராய்ச்சியில் இருந்திருப்பார். இன்றைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பிரசங்கம் சீக்கிரம் முடியாதா என்று கோவில் முழுக்க ஜனம் நெளிந்துகொண்டிருக்க, முடியாமல் நீண்டுகொண்டே போகாதா என்று ஏங்கிய ஒரே ஆத்துமா அவர்தான். ஐயரே, நாலாவதாக ஒரு காரியம் இல்லாமலா போகும், யோசித்துப் பாரும், எருசலேம் போய் வந்த கதையை இந்த வருஷம் நீர் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே, பஸ்ஸில் ஏறியது, ஒலிவ மரத்தைத் தொட்டது, எல்லாவற்றையும் சொல்லும், நான் கேட்கிறேன். பக்கத்தில் கீபோர்டு ஆளில்லாமல் நின்றது. அதை மூடிய பச்சைத் துணியைக்கூட யாரும் எடுக்கவில்லை. வாசிக்கிறவர் ரெக்ஸ், அவர் மனைவிக்கு விடியக்காலை இடுப்பு வலி கண்டு திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நல்ல விஷயம்தான், தாயும் பிள்ளையும் சுகமாக இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது, ஆனால் அந்தப் பிள்ளை சனிக்கிழமையே பிறந்திருக்கலாம், இல்லை திங்கட்கிழமை வரைக்கும் பொறுத்திருக்கலாம். சீச்சீ, என்ன நினைப்பு இது. கோவிலுக்குள் உட்கார்ந்துகொண்டு, பிறக்கப்போகிற குழந்தையிடம் போய்க் கோபித்துக்கொள்கிற ஐம்பத்துமூன்று வயதுக்காரன் உலகத்தில் வேறு எவனாவது இருப்பானா.

தாளமும் அந்தக் கீபோர்டுக்குள்தான் இருந்தது, மேளம், ஜால்ரா, வயலின் எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள். அது இல்லையென்றால் மிச்சம் ஒரே ஒரு கிட்டார். பாட்டுக்குழுவை நடத்துகிற தாவீது சார் காலை ஒத்திகையில் விஷயம் தெரிந்ததும், ‘அதுக்கென்ன வே, நம்ம குணசிங்கு இருக்காருல்லா, இருவத்திரெண்டு வருசக் கை, தனியா நின்னு வெளுத்து வாங்கிருவாரு’ என்று எல்லாருக்கும் முன்னால் தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டு இன்னும் தோளில் உறைத்துக்கொண்டிருந்தது. குணசிங் இடது கையைக் கிட்டாரின் கழுத்தில் வைத்து, சத்தம் வராமல் கம்பிகளை அமுக்கிப் பார்த்தார். ஜி. அடுத்து எஃப் ஷார்ப் மைனர். அடுத்து இ மைனர். அடுத்து ஏ. இடது கைக்கு நாலு பிடி, வலது கைக்கு நாலு தட்டு, தட்டுக்கு ஒரு பிடி. வலது கை கம்பியைத் தொட முடியாது, ஐயர் பேசுகிறார், அதனால் முழங்காலை மெல்லத் தட்டிக்கொண்டது. தட்டு, பிடி. தட்டு, பிடி. அதுதானே வியாதியே, தட்டு விழுந்த பிறகு பிடி வருகிறது, இரண்டும் ஒன்றாக வர வேண்டும், வலது கை கதவைத் தட்டும்போது இடது கை இன்னும் வேட்டி கட்டிக்கொண்டிருக்கிறது. வாரம் ஆறு நாளும் அவர் செய்கிற வேலையே இதுதான், டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கிளட்சை விட விட ஆக்சிலேட்டரைக் குடுங்க, ரெண்டு காலும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கணும், என்று ஊர் ஜனத்துக்கெல்லாம் பாடம் நடத்துவது. வியாழக்கிழமை ஒரு அம்மாவிடம் கத்திவிட்டார், வங்கியில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறவர், ஏழு தடவை வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றது, ‘மேடம், ரெண்டு காலும் உங்களுதுதானா?’ என்று கேட்டுவிட்டார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி சாவியைத் திருப்பியது. கேட்கிறதுக்கு யாருக்கு யோக்கியதை இருக்கிறது பாருங்கள். அதே காரில்தான், அந்த அம்மா வருவதற்கு அரைமணி நேரம் முன்னால், பின் சீட்டில் கிட்டாரைக் குறுக்கே வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, போனில் டக் டக் என்று தாளம் போடுகிற சமாசாரத்தை வைத்துக்கொண்டு இவர் பழகிக்கொண்டிருந்தார். நிமிஷத்துக்கு அறுபது தட்டு என்று வைத்தால் வருகிறது. எழுபத்திரண்டிலும் தட்டுத்தடுமாறி வந்துவிடுகிறது. எழுபத்தாறு என்றால் ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் சேர்த்து அமுக்குவதற்குள் வலது கை அடித்துவிட்டுப் போய்விடுகிறது. பாட்டு ஓடுவதோ தொண்ணூற்றாறில்.

யூடியூபில் ஒரு பையன் சொல்கிறான், மெதுவா ஆரம்பிங்க சார், தப்பில்லாம வந்த பெறகு வேகத்தைக் கூட்டுங்க, கை ரெண்டையும் அவசரப்படுத்தாதீங்க என்று. மீசை முளைக்காத பையன். அவன் சொல்வதைக் காதில் வயரை மாட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருக்கிறது, லில்லி வந்துவிட்டால் சட்டென்று கிரிக்கெட்டுக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய புத்தி. அப்போது எங்கே கேட்டோம். அப்போதுதான் கையைத் தூக்கக் கற்றுக்கொண்டாயிற்றே. கோவிலின் நூற்றாண்டுக்கென்று தாவீது சார் ஒரு பாட்டு எழுதினார், மெட்டும் அவருடையதே, சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புகிற இடத்தில் நாலு தட்டுக்குள் கிடுகிடுவென்று இறங்கி வருகிற மாதிரி ஒன்று வைத்தார், இறக்கம் இறக்கம் என்று அதற்குப் பேராகிவிட்டது, விழாவுக்குப் பிறகு காணிக்கைப் பாட்டும் அதுவே ஆகிவிட்டது. குணசிங் குழுவில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஒத்திகையில் அந்த இடம் வந்தாலே கம்பி கரகரத்தது, செத்த சத்தம் வந்தது, ஒரு தடவை ஆல்ட்டோ பாடுகிற பெண்கள் சிரித்துவிட்டார்கள். விழா அன்று, பிஷப் முன்னால், இறக்கம் வந்ததும் வலது கை தானாக உயர்ந்துவிட்டது. அதிகம் இல்லை, அரை விரற்கடை. தாளத்துக்கு மேலேயும் கீழேயும் போய் வந்தது, கம்பியை மட்டும் தொடவில்லை. இடது கை எங்கே எப்போது வேண்டுமானாலும் வந்து சேரட்டும், யார் கேட்கப்போகிறார்கள், கீபோர்டு எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. பார்க்கிறவர்களுக்குக் கை ஓடிக்கொண்டுதானே இருக்கிறது. விழா முடிந்ததும் தாவீது சார் வந்து கையைப் பிடித்துக் குலுக்கி, ‘அந்த எறக்கத்துல அடக்கி வாசிச்சீரு பாரும், அது ஞானம் வே, அது எல்லாருக்கும் வராது’ என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். சார், அது ஞானம் இல்லை, திருட்டு என்று. சொல்வதற்கு வாயைத் திறந்தார்கூட. அதற்குள் லில்லி வந்துவிட்டாள், புதுப் பெண்டாட்டி, முகமெல்லாம் பூரிப்பாக, சார் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டே வந்துவிட்டாள். அந்த முகத்துக்கு முன்னால் எப்படிச் சொல்ல.

‘இரண்டாவது காரியம்’ என்றார் ஐயர். குணசிங்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குள்ளா? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பதினாலு நிமிஷம் ஆகியிருந்தது, இரண்டு நிமிஷம் லாபம், எதற்கு லாபம். கண்ணைக் கீழே இறக்கும்போது பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் போய் நின்றது. நிற்கக்கூடாது என்று எத்தனை தடவை சொன்னாலும் அங்கேதான் நிற்கும். அங்கே கெசியா உட்கார்ந்திருந்தாள். கோவில்குட்டியின் மகள், அதாவது கோவில் மணி அடித்து, தரை கூட்டி, விளக்குத் துடைக்கிற ஆசீர்வாதத்தின் மூத்த பெண், பி.எஸ்சி. இரண்டாம் வருஷம். ஐயரைப் பார்க்கவில்லை. இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், இவர் முகத்தைக்கூட இல்லை, இவர் கையை. சத்தமில்லாமல் கம்பியில் நகர்ந்துகொண்டிருந்த விரல்களை அப்படியே சுருட்டிக்கொண்டார் குணசிங். பார், நன்றாகப் பார், இன்றைக்கு உனக்குத் திருவிழாதான் பெண்ணே. இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறாய் அல்லவா, கீபோர்டும் இல்லை, மூடுவதற்குப் போர்வையும் இல்லை, என் வண்டவாளம் தண்டவாளம் ஏறுவதை மூன்றாம் வரிசையிலிருந்து பார்த்துக்கொள். அவளுக்குத் தெரியும். இந்தக் கோவிலில் முந்நூறு பேர் இருக்கிறார்கள், கட்டின மனைவிக்குத் தெரியாது, பாட்டு எழுதின தாவீது சாருக்குத் தெரியாது, பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வாசிக்கிற ரெக்ஸுக்குத் தெரியாது, தெரிந்தாலும் காட்டிக்கொண்டதில்லை. அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். எப்படித் தெரியும் என்பதுதான் நினைக்க முடியாததாக இருந்தது, நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸுக்கு ஆறு வாரம் இருக்கும்போது, குழுவில் சேர ஆசைப்படுகிற பிள்ளைகளைத் தாவீது சார் சபை மண்டபத்துக்கு வரச் சொல்லியிருந்தார். கெசியா தன் தாயோடு வந்தாள். சித்தப்பா வீட்டிலிருந்து இரவல் வாங்கின கிட்டார், உறைகூடக் கிடையாது, பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். தாய்க்காரி ஒரு எவர்சில்வர் சம்புடம் நிறைய முந்திரிக்கொத்து செய்துகொண்டு வந்து, எல்லாரும் எடுத்துக்கிடுங்க சார், எடுத்துக்கிடுங்க என்று உட்காராமலேயே சுற்றிச் சுற்றி வந்தாள். குணசிங் இரண்டு எடுத்தார். இதை ஏன் மறக்க முடியவில்லை, இரண்டு எடுத்துத் தின்றார், ஒன்றை வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கும்போதுதான் அந்தப் பெண் வாசிக்க ஆரம்பித்தாள். நூற்றாண்டுப் பாட்டுதான். பல்லவியிலேயே இவருக்கு மெல்லுவது நின்றுவிட்டது. சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம், இடது கை வந்து உட்கார்வதும் வலது கை விழுவதும் ஒரே சத்தம், இரண்டு கை என்றே சொல்ல முடியாது. சரணம் போயிற்று. இறக்கம் வந்தது. இடது கை எஃப் ஷார்ப் மைனரில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்ததை இவர் இரண்டு கண்ணாலும் பார்த்தார், ஒரு கம்பிகூடப் பிசகவில்லை, அந்தப் பிடியில் அடித்திருந்தால் கணீரென்று விழுந்திருக்கும். அவள் அடிக்கவில்லை. வலது கையை அரை விரற்கடை தூக்கினாள். நாலு தட்டும் காற்றில் போய் வந்தது. இவருடைய அதே தூக்கல், அதே மணிக்கட்டு, அதே சாய்வு. இறக்கம் முடிந்ததும் கை கம்பிக்கு இறங்கியது, அவள் நிமிர்ந்து இவரைப் பார்த்தாள், லேசாகச் சிரித்தாள்.

கண்டுபிடித்துவிட்டாள். கையும் களவுமாகப் பிடித்ததோடு நிற்காமல், என் முகத்துக்கு நேராகவே நடித்தும் காட்டுகிறாள். வாசிக்கத் தெரிந்தவள், வேண்டுமென்றே வாசிக்காமல் விட்டு, உங்க வேலை எனக்குத் தெரியும் என்கிறாள். அப்படித்தான் குணசிங் நினைத்தார், வேறு எப்படி நினைக்க, தெரிந்தவள் எதற்காகக் கையைத் தூக்கப்போகிறாள். இவள் குழுவுக்குள் வந்தால் வாராவாரம் பக்கத்தில் உட்காருவாள், பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பாள், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் வாய்விட்டுச் சொல்வாள். தாவீது சார், ‘என்ன வே, நீருதான் சொல்லணும், கிட்டாரப் பத்தி எனக்கு என்ன தெரியும்’ என்றார். வாயில் முந்திரிக்கொத்தின் பயறு மாவு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வாயாலேதான் சொன்னார். ‘கை ரெண்டும் இன்னும் சேரல சார். எறக்கத்துல சத்தமே வரல பாத்தீங்கல்லா. ரெண்டு வருசம் போகட்டும்.’ எதைச் சொல்லக்கூடாதோ அதையே எடுத்துச் சொல்லியிருக்கிறது நாக்கு. தன்னுடைய ஊனத்தைத் தூக்கி அந்தப் பிள்ளையின் கையில் வைத்துவிட்டது. கெசியாவின் முகம் வாடியதை அவர் பார்க்கவில்லை, பார்க்காமல் இருக்கிறதற்காகக் குனிந்து, கீழே கிடந்த வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். தாய்க்காரிதான், ‘சரி சார், பழகிட்டு வரட்டும் சார்’ என்றாள், மீதி முந்திரிக்கொத்தையும் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள். இதைச் செய்தவனுக்கு ஆலயத்தில் உட்கார இடம் கொடுத்து, கையில் கிட்டாரையும் கொடுத்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

வியர்த்தது. மின்விசிறி நேராகத் தலைக்கு மேல் ஓடியது, இருந்தும் சட்டை முதுகில் ஒட்டியது. ஒரு வழி இருக்கிறது. கிட்டாரின் தலையில் இருக்கிற கீயை இரண்டு திருகு திருகினால் முதல் கம்பி பட்டென்று அறுந்துவிடும், ஐயையோ கம்பி போச்சே என்று கையை விரித்துவிடலாம், ஜனம் தானாகப் பாடிக்கொள்ளும், பாவம் குணசிங்கு, நேரம் பாத்துக் கம்பி அந்துட்டே என்பார்கள். விரல் கீக்குப் போய்விட்டது. திருகவும் திருகிவிட்டது, கால்வாசித் திருகு. பெண்கள் பக்கத்திலிருந்து லில்லி பார்த்தாள். சுதி சேர்க்கிறார் என்று நினைத்திருப்பாள், லேசாகத் தலையை ஆட்டினாள், தைரியமாக வாசிங்க என்கிற மாதிரி. இன்றைக்கென்று பட்டுச் சேலை வேறு கட்டியிருக்கிறாள், தன் தங்கைக்கு போனைப் போட்டு, ‘இன்னைக்கு உங்க அத்தான் தனியா வாசிக்காவ, நேரலையில பாரு’ என்று சொல்லியிருக்கிறாள், காலையில் ஒத்திகை முடிந்து வீட்டுக்குப் போனதும் அடுப்படியிலிருந்து காதில் விழுந்தது. குணசிங் கீயைப் பழையபடி திருப்பினார். சரியான இடத்துக்குத் திரும்பியதா என்று தெரியவில்லை, அடித்துப் பார்க்கவும் முடியாது. இப்போது சுதியும் போயிற்றா, சபாஷ். வேறு வழி, கையைத் தூக்குவது. நாலு சரணம், நாலு இறக்கம், நாலு தடவை தூக்கினால் நாலு தடவை கோவிலில் பொட்டுச் சத்தம் இருக்காது, பள்ளத்தில் விழுந்த மாதிரி எல்லாருக்கும் கேட்கும். அடித்தாலும் கேட்கும், அடிக்காவிட்டாலும் கேட்கும். எப்படிப் பார்த்தாலும் மானம் போவது நிச்சயம், எந்த வழியாகப் போகிறது என்பதுதான் பாக்கி. மணிக்கட்டு சுளுக்கு என்று இப்போதே எழுந்து சொல்லிவிட்டு, மூன்றாம் வரிசையைக் காட்டி, அந்தப் பிள்ளை வாசிக்கட்டும் என்றால்? நல்ல யோசனைதான். ஆனால் அவள் வருவாள், வாசிப்பாள், இறக்கத்தில் கையைத் தூக்கி முந்நூறு பேர் முன்னால் என்னை நடித்துக் காட்டுவாள். காட்டட்டுமே, காட்டுவது தப்பா, நீ செய்ததற்கு அது தகாதா? தகும். தகும் என்று தெரிந்தும் எழுந்திருக்க முடியவில்லையே. ஆண்டவரே என்று ஆரம்பித்தார், அதற்கு மேல் கேட்க வெட்கமாக இருந்தது. என்னவென்று கேட்பது, என் பொய்யை இன்னும் ஒரே ஒரு ஞாயிறு மூடிக்கொடும் என்றா?

மூன்றாவது காரியம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஐயருக்கும் மதியம் எங்கேயோ சாப்பாட்டுக்கு அழைப்புப் போலிருக்கிறது, ஜெபத்தை இரண்டே நிமிஷத்தில் முடித்துவிட்டார். ஆமென் என்று முந்நூறு பேரும் சொன்னார்கள். காணிக்கைப் பைகளை எடுத்துக்கொண்டு நாலு பேர் நடுப்பாதையில் வந்து நின்றார்கள். தாவீது சார் கையை உயர்த்தினார். பிறகு நடந்ததெல்லாம் குணசிங்குக்கு வேறு யாருக்கோ நடக்கிற மாதிரி இருந்தது. பல்லவி வந்தது, நன்றாகவே வந்தது, கால்வாசித் திருகு திரும்பிவிட்டிருந்தது. முதல் சரணம். இறக்கம். வலது கை, நாய்க்குட்டி பழகின வீட்டுக்குள் ஓடுகிற மாதிரி, தானாக உயர்ந்தது. நாலு தட்டு நேரம் கோவிலில் வாத்தியமே இல்லை, ஜனத்தின் குரல் மட்டும் துணியில்லாமல் நின்றது, பைக்காரர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். தாவீது சாரின் புருவம் நெளிந்தது. இரண்டாம் சரணம். இந்தத் தடவை தூக்கமாட்டேன் என்று பல்லைக் கடித்தார் குணசிங், எதற்காக அந்த வைராக்கியம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது, அந்த வெறுமையை இன்னொரு தடவை கேட்க முடியாது, அவ்வளவுதான். அடித்தார். தட், தட், கர்ர், தட். பெட்டியை எட்டி உதைத்த மாதிரி ஆம்ப்ளிபையர் அதைக் கோவில் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. லில்லி குனிந்து கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தாள். மூன்றாம் சரணத்தில் இடது கைக்காக வலது கை காத்து நின்றது, யூடியூப் பையன் சொன்ன மாதிரி, மெதுவாக, ஆனால் ஜனம் காத்து நிற்குமா, முன்வரிசைக் கிழவிகள் இறக்கத்தில் இறங்கிப் பல்லவிக்கே போய்விட்டார்கள், பின்வரிசை இவரோடு நின்றது, பாட்டு இரண்டாகப் பிய்ந்து ஒட்டுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. நாலாவது தடவையும் அடித்தார். ஒன்றுகூட உருப்படியாக விழவில்லை. கையை மட்டும் தூக்கவில்லை.

ஆராதனை முடிந்து ஜனம் கலைந்தது. ஒரு பெரியவர், ‘இன்னைக்கு இந்தப் பொட்டி கொஞ்சம் எரையுதோ’ என்று ஆம்ப்ளிபையர் மேல் பழியைப் போட்டுவிட்டு, தோளைத் தொட்டுப் போனார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது குணசிங்குக்கு. தாவீது சார் மைக் வயரை முழங்கையில் சுற்றியபடி வந்து, தணிந்த குரலில், ‘என்ன வே, கை சொகமில்லையா?’ என்றார். ‘ஆமா சார், மணிக்கட்டுல ஒரு பிடிப்பு, ரெண்டு நாளா’ என்றார் குணசிங். எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள். சார் நம்பிவிட்டார், அச்சச்சோ, சொல்லியிருக்கக் கூடாதா என்றுகூடச் சொன்னார். அப்போதுதான் கெசியா படியேறி வந்து கிட்டாருக்குப் பக்கத்தில் நின்றாள். குணசிங் தலையைத் தூக்கவில்லை. வந்துவிட்டாள், வரட்டும், சார் முன்னாலேயே சொல்லட்டும்.

“அங்கிள், ஒண்ணு கேக்கலாமா?” என்றாள். “அந்த எறக்கத்துல எப்பவும் கையத் தூக்குவீங்கல்லா, இன்னைக்கு மொத சரணத்துல மட்டும் தூக்குனீங்க, பெறவு தூக்கலையே. மாத்திட்டீங்களா? நான் வீட்டுல இன்னும் தூக்கித்தான வாசிக்கேன்.”

குணசிங் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். கேலியைத் தேடினார். கண்ணிலே, உதட்டு ஓரத்திலே, எங்கேயாவது ஒரு துளி இருக்காதா என்று தேடினார், இருந்தால் நன்றாயிருக்கும், இருந்தால் தப்பித்துவிடலாம். படித்த பிள்ளை வாத்தியாரிடம் சந்தேகம் கேட்கிற முகம், அவ்வளவுதான் இருந்தது.

“நீ எதுக்கும்மா தூக்குத?”

“பாட்டு அப்படித்தான அங்கிள்? இந்தப் பாட்டு போனுலயும் கெடையாது, எங்கயும் கெடையாது, நம்ம கோவில்ல மட்டுந்தான இருக்கு. மூணாவது வரிசையில இருந்து உங்க கையப் பாத்துப் பாத்துத்தான் படிச்சேன். எடது கை ஒரே வாரத்துல வந்துட்டு. வலது கைதான் பாடாப் படுத்திட்டு. அது தானா போய்க் கம்பியில விழுந்துரும். அடிக்காமத் தூக்கிப் பழகவே ஆறு மாசம் ஆச்சு.” சிரித்தாள், சபை மண்டபத்தில் சிரித்த அதே சிரிப்பு. “அன்னைக்கு நீங்க கை சேரலன்னு சொன்னீங்கல்லா. தூக்குறது இன்னும் சரியா வரலன்னு சொல்லுதீங்கன்னு எனக்குப் புரிஞ்சிட்டு. அதான் விடாமப் பழகிட்டே இருக்கேன். இப்பம் ஒருக்கா பாக்கீங்களா?”

இரண்டு வருஷம். இரண்டு வருஷமாக ஒரு பிள்ளை, வாசிக்கத் தெரிந்த கையை வாசிக்கவிடாமல் இழுத்துப் பிடித்துப் பழகிக்கொண்டிருக்கிறது, இந்தக் கையைப் பார்த்து. அவள் தன்னைக் கேலி செய்தாள் என்று நினைத்தபோது வந்த வெட்கமெல்லாம் வெட்கமே இல்லை என்று தோன்றியது, அதில் ஒரு கோபமாவது கலந்திருந்தது, பிடித்துக்கொண்டு நிற்க. இதில் ஒன்றும் இல்லை. ‘எந்த எடத்துல பிள்ள, இவரு கையத் தூக்குதாரு?’ என்று தாவீது சார் கேட்டார். அடக்கி வாசிக்கிற இடம் சார், ஞானம் சார், என்று சொல்லிவிடலாம், இப்போதும் சொல்லிவிடலாம், பிள்ளையே அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறது, சாரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார். வாசலில் லில்லி செருப்பை மாட்டிக்கொண்டு இவருக்காக நின்றுகொண்டிருந்தாள்.

“அது பாட்டுல கெடையாதும்மா,” என்றார் குணசிங். சாரைப் பார்க்காமல் அவளிடம்தான் சொன்னார். “எனக்கு அந்த எடத்துல ரெண்டு கையும் சேராது. தப்புச் சத்தம் கேட்டுரக் கூடாதுன்னு தூக்கிருவேன். இருவத்திரெண்டு வருசமா அப்படித்தான். மணிக்கட்டுல பிடிப்பும் கெடையாது சார்.”

தாவீது சார் வயர் சுற்றுவதை நிறுத்திவிட்டார். கெசியாவுக்கு விளங்க நேரம் எடுத்தது, விளங்க விளங்க அந்தச் சிரிப்பு எங்கே போய் ஒளிவது என்று தெரியாமல் முகத்திலேயே நின்று நின்று மறைந்தது.

“அப்போ அன்னைக்கு எனக்கு வந்துச்சா அங்கிள்?” என்று கேட்டாள்.

“வந்துச்சும்மா,” என்றார் குணசிங். “அன்னைக்கே வந்துட்டு.”